ஆறரை மணிக் கூட்டம்

தமிழ்நாட்டில் எந்த ஊர் பஸ் ஸ்டாண்டிலும் இறங்கி "கடை எங்கேண்ணே இருக்கு?" என்று கேட்டால் போதும். எந்தக் கடை என்று யாரும் திருப்பிக் கேட்பதில்லை. கையை நீட்டி வழிகாட்டி விடுவார்கள். அதே ஊரில், குடியை நிறுத்தியவர்களும் நிறுத்த நினைப்பவர்களும் வாரம் தவறாமல் கூடுகிற இடம் ஒன்றும் இருக்கலாம். அது ஒரு சர்ச் வளாகத்தின் பின்பக்க அறை, அல்லது பள்ளிக்கூட வகுப்பறை, அல்லது ஆஸ்பத்திரி மாடி. அதற்கு வழி கேட்டால் ஆட்டோ ஸ்டாண்டிலும் தெரியாது, எதிர் டீக்கடையிலும் தெரியாது. போஸ்டர் ஒட்ட மாட்டார்கள். உள்ளே போய் வருகிறவரும் வெளியில் சொல்வதில்லை.

இந்தக் கட்டுரை அந்த அறையைப் பற்றியது. ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்பது முழுப் பெயர். ஏ.ஏ. மீட்டிங் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். அதை எப்படித் தேடிப் பிடிப்பது, உள்ளே என்ன நடக்கும், யாருக்கு எவ்வளவு பயன்படும் என்பதைச் சொல்லவே இவ்வளவு பக்கங்கள். ஆனால், குடியிலிருந்து மீண்ட எவருடைய கதையும் இதில் வராது. பெயரை மாற்றி, முகத்தை மறைத்துப் போடுவது பத்திரிகை வழக்கம்தான். ஆனால் அந்த அறையில் கேட்டதை அங்கேயே விட்டுவிட்டு வர வேண்டும் என்பதுதான் அங்கே இருக்கும் முதல் ஒப்பந்தம். அதை நம்பித்தான் ஒரு மனிதர் வாயைத் திறக்கிறார். அட்டைப்படக் கட்டுரைக்காக அதை உடைக்க வேண்டியதில்லை.

38 பேரில் ஒருவர்

2019-ல் மத்திய சமூகநீதி அமைச்சகத்துக்காக டெல்லி எய்ம்ஸ் ஒரு பெரிய கணக்கெடுப்பு நடத்தி வெளியிட்டது. நாட்டில் சுமார் 16 கோடிப் பேர் குடிக்கிறார்கள். அவர்களில் 5.7 கோடிப் பேருக்கு மேல், குடியால் வந்த சிக்கலுக்கு யாராவது உதவினால்தான் உண்டு என்ற நிலை. அந்த அறிக்கையில் என்னை நிறுத்தியது வேறொரு எண். குடிக்கு அடிமையாகிவிட்டவர்களில் 38 பேருக்கு ஒருவர்தான் ஏதோ ஒருவகைச் சிகிச்சையோ உதவியோ பெற்றிருக்கிறார். படுக்கையில் சேர்ந்து சிகிச்சை பெற்றவர் 180 பேருக்கு ஒருவர்.

மற்றவர்கள் என்ன செய்கிறார்கள்? நமக்குத் தெரிந்ததுதான். வீட்டில் தலையில் அடித்துச் சத்தியம் வாங்குவார்கள். குலதெய்வம் கோயிலுக்குக் கூட்டிப்போய்ப் பூசாரி கையால் கயிறு கட்டுவார்கள். கார்த்திகை பிறந்தால் மாலை போடச் சொல்வார்கள். மண்டலம் முடிகிற வரை அந்த வீட்டில் நிம்மதி இருக்கும். பிள்ளைகள் அப்பாவோடு உட்கார்ந்து சாப்பிடும். மாலையைக் கழற்றிய அன்று சாயங்காலமே சிலர் கடைக்குப் போய்விடுகிறார்கள். இதைக் கேலியாகச் சொல்லவில்லை. அத்தனை நாள் ஒரு மனிதரால் நிறுத்த முடிந்தது என்பதே பெரிய செய்தி. அந்த நாட்களில் அவரைத் தாங்கியது என்ன என்று பாருங்கள். கூடவே மாலை போட்ட நாலு பேர், தினமும் ஒரு நேரத்துக்குக் கூடுகிற பஜனை, ஊரே "சாமி" என்று கூப்பிடுகிற மரியாதை. கழற்றியதும் அந்த மூன்றும் ஒரே நாளில் போய்விடுகின்றன. ஏ.ஏ. கூட்டம் தருவதும் கிட்டத்தட்ட அந்த மூன்றைத்தான். ஆனால் அதற்குக் கழற்றுகிற நாள் கிடையாது.

இன்னொன்றும் செய்கிறார்கள். "குடிப்பவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுக்கலாம்" என்று சுவரிலும் பஸ்ஸின் முதுகிலும் விளம்பரம் வருகிறதே, அந்தப் பொடியை வாங்கிக் குழம்பில் போடுவது. வாரப் பத்திரிகைகளும் இந்த விளம்பரங்களை வெளியிட்டவைதான், ஒப்புக்கொள்ள வேண்டும். அந்தப் பொட்டலத்தில் என்ன இருக்கிறது என்று வாங்குகிறவருக்குத் தெரியாது. குடியை வெறுக்கச் செய்யும் டைசல்ஃபிரம் என்றொரு மருந்து உண்மையிலேயே இருக்கிறது. அதை மருத்துவர், நோயாளிக்குச் சொல்லி, சம்மதம் வாங்கி, பரிசோதனை செய்த பிறகே கொடுப்பார். அது உடம்பில் இருக்கும்போது குடித்தால் வாந்தி, படபடப்பு, ரத்த அழுத்தச் சரிவு என்று உயிருக்கே ஆபத்து வரலாம். தெரியாமல் கலப்பது வைத்தியம் ஆகாது, அது விஷப் பரீட்சை.

மதுவிலக்கு வேண்டுமா வேண்டாமா என்ற வழக்கில் இந்தக் கட்டுரை நுழையவில்லை. 1937-ல் ராஜாஜி சேலத்தில் தொடங்கியது, 1971-ல் தளர்ந்தது, 2003-ல் சில்லறை விற்பனையையே அரசின் டாஸ்மாக் எடுத்துக்கொண்டது என்று அந்தக் கதை நீளமானது. 2023 ஜூனில் 500 கடைகளை மூடிய பிறகும் 4,800-க்கு மேல் மிச்சம் இருந்தன. 2024-25-ல் அரசுக்கு வந்த வருவாய் 48,000 கோடி ரூபாயைத் தாண்டியது. கடையை மூடினாலும் கள்ளச்சாராயம் இருக்கிறது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60 பேருக்கு மேல் செத்ததைப் பார்த்தோம். நாளைக்கு எந்த ஆட்சி எந்தச் சட்டம் போட்டாலும், இன்று காலையில் கை நடுங்க எழுந்து உட்கார்ந்திருக்கிற மனிதருக்கு அதில் பதில் இல்லை.

முதலில் டாக்டர், அப்புறம் கூட்டம்

கூட்டத்துக்குப் போகும் முன் ஓர் எச்சரிக்கை. தினமும் நிறையக் குடித்தவர், குறிப்பாகக் காலையில் குடித்தால்தான் கை நிற்கும் என்ற நிலைக்கு வந்தவர், வைராக்கியத்தில் ஒரே நாளில் நிறுத்தக் கூடாது. நிறுத்திய சில மணி நேரத்தில் நடுக்கம், வியர்வை, தூக்கமின்மை தொடங்கும். முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம். இரண்டு மூன்று நாளில் சிலருக்கு மனக்குழப்பம் வந்து, இல்லாத பூச்சியை உடம்பிலிருந்து தட்டிவிடுவார்கள், இல்லாத ஆளோடு பேசுவார்கள். "பேய் பிடிச்சிருச்சு" என்று வீட்டில் வேப்பிலை அடிப்பது இந்தக் கட்டத்தில்தான். மருத்துவத்தில் இதற்கு டெலிரியம் ட்ரெமன்ஸ் என்று பெயர். கவனிக்காவிட்டால் உயிர் போகலாம். கவனித்தால் மாத்திரையாலும் வைட்டமின் பி1 ஊசியாலும் கடந்துவிடலாம். எந்த அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போனாலும் மனநலப் பிரிவில் இதற்குச் சிகிச்சை உண்டு. சென்னையில் கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகத்திலும் உண்டு. 2025 பிப்ரவரியில் தமிழக அரசு 'கலங்கரை' என்ற பெயரில் 25 இடங்களில் போதை மீட்பு மையங்களைத் திறந்திருக்கிறது.

தனியார் மையத்தில் சேர்ப்பதானால், மனநலச் சட்டப்படி உரிமம் இருக்கிறதா என்று கேட்டு, காகிதத்தைக் கண்ணால் பார்த்துவிட்டுச் சேருங்கள். ராத்திரியில் வேனில் வந்து ஆளைத் தூக்கிக்கொண்டு போகிறோம், மூன்று மாதம் பார்க்க வராதீர்கள் என்கிற இடத்துக்கு ஒரு பைசா கொடுக்க வேண்டாம்.

உடம்பிலிருந்து மது இறங்க ஒரு வாரம் பத்து நாள் போதும். ஆஸ்பத்திரி அதைச் செய்துவிடும். சிக்கல், டிஸ்சார்ஜ் ஆகி வீட்டுத் தெருவில் ஆட்டோவிலிருந்து இறங்குகிற நிமிடத்தில்தான் தொடங்குகிறது. அதே தெரு, அதே கூட்டாளி, அதே கடன்காரன், அதே ஆறரை மணி. டாஸ்மாக் பகல் 12 மணிக்குத் திறந்து இரவு 10 மணிக்கு மூடுகிறது. வேலை முடிந்து கால் தானாகக் கடைப்பக்கம் திரும்புகிற நேரம் மாலை ஆறரையிலிருந்து எட்டு. ஏ.ஏ. கூட்டங்கள் பெரும்பாலும் அந்த நேரத்தில்தான் வைக்கப்படுகின்றன.

ஒரு ஹோட்டல் வரவேற்பறை

இந்தக் கூட்டம் எப்படிப் பிறந்தது என்று தெரிந்தால், அது ஏன் இப்படி நடக்கிறது என்பதும் விளங்கும்.

1935 மே மாதம். அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் அக்ரன் என்ற டயர்த் தொழிற்சாலை ஊர். நியூயார்க்கிலிருந்து வந்த பங்குச்சந்தைத் தரகர் பில் வில்சன், வந்த காரியம் தோற்று, கையில் காசில்லாமல் மேஃபிளவர் ஹோட்டல் வரவேற்பறையில் நிற்கிறார். குடியை விட்டு ஐந்து மாதம். ஒரு பக்கம் பாரிலிருந்து சிரிப்புச் சத்தம். மறுபக்கம் தொலைபேசியும், உள்ளூர் தேவாலயங்களின் பட்டியலும். அவர் தொலைபேசிப் பக்கம் போனார். பட்டியலிலிருந்த ஒரு பாதிரியாரைப் பிடித்து, தான் பேசுவதற்கு இந்த ஊரில் ஒரு குடிகாரர் கிடைப்பாரா என்று கேட்டார்.

உதவி செய்ய ஆள் வேண்டும் என்று அவர் கேட்கவில்லை. இன்னொரு குடிகாரர் வேண்டும் என்றுதான் கேட்டார். ஏனென்றால் அந்த ஐந்து மாதத்தில் அவர் ஒன்றைக் கண்டிருந்தார். நியூயார்க்கில் எத்தனையோ குடிகாரர்களைப் பிடித்துவைத்து உபதேசம் செய்தார், ஒருவரும் திருந்தவில்லை. ஆனால் உபதேசம் செய்துகொண்டிருந்த நாளெல்லாம் அவர் குடிக்கவில்லை.

கை மாறி மாறிப் போன தொலைபேசி அழைப்புகளின் முடிவில் டாக்டர் பாப் ஸ்மித் கிடைத்தார். 55 வயது அறுவை மருத்துவர். குடியால் தொழிலே கைவிட்டுப் போகிற நிலை. மனைவி வற்புறுத்தலுக்காகக் கால் மணி நேரம் மட்டும் பேசலாம் என்று வந்தவர், வில்சனோடு பல மணி நேரம் உட்கார்ந்துவிட்டார். அதற்கு முன் அவருக்குப் புத்தி சொன்ன எல்லோரும் குடியைப் பற்றிப் படித்தவர்கள். இந்த ஆள் குடித்தவர். அடுத்த மாதம் பாப் ஒருமுறை சறுக்கினார். ஜூன் 10-ம் தேதி அவர் கடைசியாகக் குடித்த நாள் என்று சொல்லப்படுகிறது. அந்தத் தேதியைத்தான் ஏ.ஏ. தன் பிறந்தநாளாக வைத்திருக்கிறது. 1950-ல் சாகும்வரை அவர் பிறகு தொடவில்லை.

நான்கு வருடம் கழித்து, 1939-ல், அதுவரை மீண்டவர்களின் அனுபவத்தைத் தொகுத்து ஒரு புத்தகம் போட்டார்கள். பன்னிரண்டு படிகள் என்று இன்று சொல்லப்படுவது அதில்தான் முதலில் அச்சானது. என்னால் இதை அடக்க முடியவில்லை என்று ஒப்புக்கொள்வது முதல் படி. தனக்கு மேலான ஒரு சக்தியை நம்புவது, தன் குற்றங் குறைகளைக் கணக்கெடுத்து இன்னொரு மனிதரிடம் சொல்வது, யாருக்கெல்லாம் தீங்கு செய்தோமோ அவர்களிடம் போய்ச் சரிசெய்வது என்று போய், இன்னொரு குடிநோயாளிக்கு உதவுவதில் முடிகிறது. புத்தகம் ஆரம்பத்தில் விற்கவில்லை. 1941 மார்ச்சில் 'சாட்டர்டே ஈவ்னிங் போஸ்ட்' என்ற வார இதழ் ஜாக் அலெக்சாண்டர் என்ற நிருபரை அனுப்பிக் கட்டுரை போட்டது. சந்தேகத்தோடு போன ஆள் நம்பித் திரும்பினார். அந்த ஒரு வருடத்தில் உறுப்பினர்கள் சுமார் 2,000-லிருந்து 8,000 ஆனார்கள். வாரப் பத்திரிகைகளால் நல்லதும் நடந்திருக்கிறது என்று காட்ட ஓர் உதாரணம். இன்று சுமார் 180 நாடுகளில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட குழுக்கள் இருக்கின்றன.

நம் ஊரில் குடியை நோயாகப் பார்க்கக் கற்றுத்தந்தவர்களில் முக்கியமானவர் சாந்தி ரங்கநாதன். டி.டி.கே. குடும்பத்து மருமகள். கணவர் ரங்கநாதன் 1979-ல் குடியால் இறந்தார். அப்போது அவருக்கு வயது முப்பத்துச் சொச்சம். பணம், படிப்பு, செல்வாக்கு எல்லாம் இருந்த குடும்பத்துக்கே எங்கே போவது என்று தெரியாத காலம் அது. அடுத்த வருடமே சாந்தி கணவர் பெயரில் ஓர் அறக்கட்டளையைத் தொடங்கினார். சென்னை இந்திரா நகரில் உள்ள டி.டி.கே. மருத்துவமனை அதன் வழியாக வந்தது. நோயாளிக்கு மட்டும் சிகிச்சை கொடுத்து அனுப்பாமல், மனைவியையும் தாயையும் உட்காரவைத்துத் தனியாக நிகழ்ச்சி நடத்தியதும், கிராமத்திலேயே முகாம் போட்டுச் சிகிச்சை தந்ததும் அந்த நிறுவனத்தின் பெரிய பங்களிப்புகள். 1992-ல் சாந்தி பத்மஸ்ரீ பெற்றார்.

எங்கே தேடுவது?

இணையத்தில் ஏ.ஏ. இந்தியா என்று தேடினால் நகரவாரியாகக் கூட்டங்களின் பட்டியல் கிடைக்கும். சென்னை போன்ற பெரிய நகரங்களில் வாரத்தின் எல்லா நாளும் ஏதாவது ஒரு பகுதியில் கூட்டம் நடக்கும். தமிழில் தனி, ஆங்கிலத்தில் தனி. சின்ன ஊரில் வாரத்துக்கு ஒன்றோ இரண்டோ இருந்தால் பெரிது. பட்டியலைப் பார்த்தவுடன் கிளம்பிவிடக் கூடாது. குழுக்கள் இடம் மாறும், நேரம் மாறும், சிலது கலைந்தும் போகும். பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்புகிற புதியவர் நேரே எங்கே போவார் என்று சொல்ல வேண்டியதில்லை. பட்டியலில் உள்ள எண்ணுக்கு முதலில் போன் செய்யுங்கள். எடுப்பவர் சம்பளம் வாங்கும் ஊழியராக இருக்க மாட்டார். பெரும்பாலும் குடியை விட்ட ஒரு உறுப்பினர்தான். அதனால் பொய்யாக "என் நண்பர் ஒருத்தருக்காகக் கேட்கிறேன்" என்றாலும் அவருக்குப் புரிந்துவிடும், சிரிக்க மாட்டார். எந்த நாள், எத்தனை மணி, தமிழா ஆங்கிலமா, வளாகத்தில் எந்த வாசல் என்று கேட்டுக்கொள்ளுங்கள். முதல் நாள் வாசலில் யாராவது நிற்க முடியுமா என்றும் கேட்கலாம். நிற்பார்கள்.

ஓப்பன் மீட்டிங்கா, குளோஸ்டு மீட்டிங்கா என்பதையும் கேட்க வேண்டும். ஓப்பன் என்றால் மனைவி, அண்ணன், மருத்துவ மாணவர், பத்திரிகைக்காரர் யாரும் உட்காரலாம். குளோஸ்டு என்றால் குடிப்பிரச்சினை உள்ளவர்கள் மட்டும். துணைக்கு ஆள் இருந்தால்தான் வருவேன் என்பவர் ஓப்பன் கூட்டத்தில் தொடங்குவது நல்லது.

இணையம் கைவராதவர்களுக்கு, அருகிலுள்ள போதை மீட்பு மையத்தின் சமூகப்பணியாளரைக் கேட்பதுதான் குறுக்குவழி. அவர்களிடம் ஊர்ப் பட்டியலும் ஆள் பழக்கமும் இருக்கும். மத்திய அரசின் போதை மீட்பு உதவி எண் 14446. தமிழக அரசின் 104-லும் ஆலோசனை கேட்கலாம். மன உளைச்சல் மிஞ்சினால் 14416. மூன்றுக்கும் காசு கிடையாது.

கோவிட் காலத்தில் அறைகள் பூட்டப்பட்டபோது கூட்டங்கள் ஸூமுக்குப் போயின. அறைகள் திறந்த பிறகும் அவை நிற்கவில்லை. கூட்டமே இல்லாத ஊரில் இருப்பவருக்கும், வளைகுடாவில் வேலை பார்ப்பவருக்கும், யாராவது பார்த்துவிடுவார்களோ என்று கூசுபவருக்கும் இது வசதி. ஆனாலும் ஒரு கருத்து சொல்வேன். வீடியோவை அணைத்துவிட்டு ஒரு கையில் கிளாஸோடும் உட்காரலாம். நேரில் போய்ப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தால் அது முடியாது. வாய்ப்பு இருக்கிறவர் நேரில்தான் போக வேண்டும்.

உள்ளே

பேர் பதிய நோட்டு இல்லை. ஆதார் கேட்க மாட்டார்கள். கட்டணம் இல்லை. குடியை நிறுத்த வேண்டும் என்ற விருப்பம் ஒன்றுதான் உறுப்பினர் ஆவதற்கான தகுதி. பத்துப் பேரும் இருப்பார்கள், நாற்பது பேரும் இருப்பார்கள். அன்றைக்குக் கூட்டத்தை நடத்துகிறவர் ஒரு சின்னப் பிரார்த்தனையோடும் வாசிப்போடும் தொடங்குவார். பிறகு ஒவ்வொருவராகப் பேசுவார்கள். ஷேரிங் என்று பெயர். பெயரைச் சொல்லி, நான் ஒரு குடிநோயாளி என்று சொல்லி, முன்னே எப்படி இருந்தேன், என்ன நடந்தது, இப்போது எப்படி இருக்கிறேன் என்று பேசுவது வழக்கம். முழுப் பெயர் வேண்டாம். சாதி, வேலை, பதவி எதுவும் வேண்டாம். வங்கி மேலாளரும் லோடுமேனும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து ஒரே விஷயத்தைப் பேசுகிற இடங்கள் நம் ஊரில் அதிகம் இல்லை.

ஒருவர் பேசும்போது இன்னொருவர் குறுக்கே பேசுவதில்லை. பேசி முடித்த பிறகும் அறிவுரை சொல்வதில்லை. இது நமக்கு ரொம்பப் புதிது. நம் வீடுகளில் குடிப்பவரிடம் எல்லோரும் பேசியிருக்கிறார்கள். அவர் பேசி யாரும் கேட்டதில்லை. புதியவர் பேச வேண்டும் என்ற கட்டாயமும் கிடையாது. "கேட்க மட்டும் வந்தேன்" என்றால் அடுத்தவருக்கு முறை போய்விடும். முதல் கூட்டத்தில் பேசாமல் உட்கார்ந்து எழுந்து போகிறவர்கள் நிறையப் பேர். அவர்களும் வந்தவர்கள் கணக்கில்தான்.

நடுவில் ஒரு பையோ உண்டியலோ சுற்றி வரும். வாடகைக்கும் டீத்தூளுக்கும்தான் அது. புதியவர் போட வேண்டியதில்லை. வெளியார் யார் கொடுத்தாலும் ஏ.ஏ. வாங்காது, அரசு கொடுத்தாலும் வாங்காது. மதுவிலக்கு பற்றிக் கருத்துச் சொல்லாது, தேர்தலில் யார் பக்கமும் நிற்காது. நம் நாட்டில் நிதியும் வேண்டாம், மேடையும் வேண்டாம் என்று ஓர் அமைப்பு இருப்பதே நம்பக் கஷ்டம்தான். அதனால்தான் அது யார் கண்ணிலும் படுவதில்லை.

குடியை விட்டு ஒரு வருடம், ஐந்து வருடம் ஆனவர்களுக்கு அங்கே பிறந்தநாள் கொண்டாடுவார்கள். அந்தப் பிறந்தநாளுக்கு மனைவியும் பிள்ளைகளும் வருவதுண்டு. கூட்டம் முடிந்த பிறகு வெளியே டீ குடித்துக்கொண்டு நிற்கிற கால் மணி நேரத்தைத் தவறவிடாதீர்கள். போன் நம்பர்கள் கைமாறுவது அங்கேதான். கடை மூடப்போகிறது என்ற பரபரப்பு ராத்திரி ஒன்பது மணிக்கு உடம்பில் வரும்போது கூப்பிட வேண்டிய நம்பர்கள் அவை. நாள்பட்ட உறுப்பினர் ஒருவரைப் புதியவர் தனக்கு வழிகாட்டியாக வைத்துக்கொள்வார், ஸ்பான்சர் என்பார்கள். விளம்பரம் போடுகிற ஸ்பான்சர் வேறு, இவர் வேறு. ஆணுக்கு ஆண், பெண்ணுக்குப் பெண் என்பது மரபு. பணம் கடன் கொடுப்பதும் வாங்குவதும் வேண்டாம். பசி, கோபம், தனிமை, களைப்பு இந்த நாலும் சேராமல் பார்த்துக்கொள் என்று அவர் சொல்லித்தருவார். கேட்க அற்பமாக இருக்கும். ஆனால் மறுபடி குடித்த நாளைத் திரும்பிப் பார்க்கிற யாரும் இந்த நாலில் ஒன்றையாவது கண்டுவிடுவார்கள்.

ஒரு கூட்டம் பிடிக்கவில்லை என்றால் வேறு குழுவுக்குப் போங்கள். குழுவுக்குக் குழு முகமும் பேச்சும் மாறும். ஆங்கிலம் அதிகம் புழங்குகிற இடத்தில் ஒருவருக்கு மூச்சுமுட்டும். இன்னொருவருக்குத் தன் ஏரியா ஆட்கள் இருந்தாலே கூச்சம். ஐந்தாறு கூட்டம் பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொல்வதுதான் நியாயம்.

சர்ச்சும் சாமியும்

சர்ச் வளாகத்தில் நடப்பதால் மதம் மாற்றுகிறார்கள் என்ற சந்தேகம் பலருக்கு வருகிறது. வேருக்குக் கிறிஸ்தவ வாசனை இருப்பது உண்மை. வில்சனும் பாப்பும் ஆக்ஸ்ஃபோர்டு குரூப் என்ற கிறிஸ்தவ இயக்கத்தின் வழியாக வந்தவர்கள். ஆனால் அறை கிடைப்பதுதான் இதில் விஷயம். வாரத்தில் ஒருநாள் ஒன்றரை மணி நேரம், குறைந்த வாடகைக்கு, கேள்வி கேட்காமல் குடிநோயாளிகளுக்கு அறை தருகிறவர்கள் நம் ஊரில் யார்? தந்தவர்கள் சர்ச்சுக்காரர்கள். மேலான சக்தி எது என்பதை ஒவ்வொருவரும் தனக்குத் தெரிந்தபடி வைத்துக்கொள்ளலாம் என்று ஏ.ஏ. சொல்கிறது. ஐயப்பனாக இருக்கலாம், அல்லாவாக இருக்கலாம், அந்த அறையில் இருக்கிற கூட்டமாகவும் இருக்கலாம். இருந்தாலும் கடவுள் பேச்சே ஒவ்வாத பகுத்தறிவாளர்களுக்கு அங்கே நெருடும்; அதை மறைத்துப் பயனில்லை. அவர்கள் மருத்துவமனைகள் நடத்தும் ஆலோசனைக் குழுக்களைப் பார்க்கலாம்.

பயன் உண்டா? 2020-ல் காக்ரேன் என்ற மருத்துவ ஆய்வுத் தொகுப்பு அமைப்பு 27 ஆய்வுகளை, 10,000-க்கும் மேற்பட்டவர்களின் தரவுகளை அலசியது. ஏ.ஏ.வுக்கு அனுப்பி வைக்கிற முறையான சிகிச்சையில் இருந்தவர்களில் 42 சதவீதம் பேர் ஒரு வருட முடிவில் குடியை முழுக்க விட்டிருந்தார்கள். மற்ற சிகிச்சைகளில் அது 35 சதவீதம். அதாவது இங்கேயும் பாதிக்கு மேற்பட்டவர்களுக்குக் கிட்டவில்லை. இது மந்திரம் இல்லை. ஆனால் ஒரு ரூபாய் செலவில்லாத, வாழ்நாள் முழுக்கத் திறந்திருக்கிற ஒன்று, காசு வாங்குகிற சிகிச்சைக்கு ஈடாகவோ மேலாகவோ நிற்கிறது என்றால் அதைப் பயன்படுத்தாமல் விடுவது மடத்தனம்.

இதில் பெரிய ஓட்டை ஒன்று இருக்கிறது: பெண்கள். நம் ஊர்க் கூட்டங்களில் பெண் உறுப்பினர்கள் மிகக் குறைவு. குடிக்கிற பெண்கள் இல்லை என்பதால் அல்ல. ஆண் குடித்தால் "பாவம், பழக்கம்" என்கிற ஊர், பெண் குடித்தால் வேறு சொல் வைத்திருக்கிறது. ஆண்கள் நிறைந்த அறைக்குள் தனியாகப் போக எந்தப் பெண் துணிவாள்? போன் செய்யும்போதே பெண் உறுப்பினர் யாரிடமாவது பேச வேண்டும் என்று கேளுங்கள். பெண்களுக்கான இணையக் கூட்டங்களும் உண்டு.

அவர் வராவிட்டாலும் நீங்கள் போகலாம்

இதைப் படிக்கிறவர்களில் பெரும்பாலோர் குடிப்பவராக இருக்க மாட்டீர்கள். குடிப்பவரின் மனைவியாக, அம்மாவாக, மகளாக இருப்பீர்கள். எப்படியாவது அவரை அந்தக் கூட்டத்துக்குத் தள்ளிவிட முடியாதா என்ற கேள்வி மனதில் ஓடும். முடியாது. அவரே கேட்டால் இரண்டு உறுப்பினர்கள் வீடு தேடி வந்து பேசுவதுண்டு. அவர் கேட்காமல் நீங்கள் அழைத்தால் அநேகமாக வர மாட்டார்கள். ஆனால் உங்களுக்கென்று ஒரு கூட்டம் இருக்கிறது. பில் வில்சனின் மனைவி லோயிஸ், கணவன்மார் உள்ளே கூட்டத்தில் இருக்க, வெளியே காத்திருந்த பெண்களோடு பேசத் தொடங்கியதிலிருந்து பிறந்தது அல்-அனான். 1951-ல் முறையான அமைப்பானது. பதின்வயதுப் பிள்ளைகளுக்கான அல்-அட்டீன் 1957-ல் வந்தது. பாட்டிலை எங்கே ஒளித்திருக்கிறார் என்று தேடுவது, ஆபீஸுக்குப் போன் செய்து "காய்ச்சல் சார்" என்று பொய் சொல்வது, அவர் வைத்த கடனைத் தாலிக்கொடியை அடகு வைத்து அடைப்பது இவற்றையெல்லாம் எப்படி நிறுத்துவது என்று அங்கே பேசுவார்கள். அவர் குடியை விடுகிறாரோ இல்லையோ, உங்களுக்குத் தூக்கம் திரும்பும். அல்-அனான் கூட்டங்கள் ஏ.ஏ.வைவிடக் குறைவு, அங்கேயும் போன் செய்து உறுதிப்படுத்திக்கொண்டுதான் கிளம்ப வேண்டும். வீட்டில் அடிஉதை இருந்தால் கூட்டத்துக்குக் காத்திருக்காதீர்கள். பெண்கள் உதவி எண் 181.

மருத்துவர்களுக்கு ஒரு வேண்டுகோள். மஞ்சள் காமாலை, கணைய அழற்சி, விபத்து என்று குடியால் வந்து படுப்பவர்களை வார்டில் தினமும் பார்க்கிறீர்கள். டிஸ்சார்ஜ் சீட்டில் "இனி குடிக்கக் கூடாது" என்று எழுதுகிறீர்கள். அதற்குக் கீழே இன்னொரு வரி எழுதுங்கள்: அருகிலுள்ள கூட்டம் எங்கே, எந்தக் கிழமை, எத்தனை மணி. அரசுக்கும் ஒரு வேண்டுகோள். மது நாட்டுக்கும் வீட்டுக்கும் உயிருக்கும் கேடு என்று கடை வாசலில் எழுதிவைத்திருப்பது எல்லோருக்கும் மனப்பாடம் ஆகிவிட்டது. அந்தப் பலகையில் 14446 என்ற எண்ணும் கண்ணில் படுகிற அளவுக்குப் பெரிதாக இருக்கட்டும். வரிசையில் நிற்கிற யாரோ ஒருவர் அதைப் போனில் சேமித்துக்கொள்வார்.